சுவருக்கு அந்தப் பக்கத்துக் குழாய்

மேலப்பாளையத்தில் ஜமீலா பீவியைப் பற்றிக் கேட்டால் தெருவே ஒரே மாதிரி சொல்லும். கெட்டிக்காரி, ஆனால் யாரிடமும் போய் ஒன்றைக் கேட்கமாட்டாள். ஒரு கைப்பிடி கொத்தமல்லி குறைந்தால்கூடப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டமாட்டாள். கொத்தமல்லி இல்லாமலே குழம்பை இறக்கி, இன்றைக்கு இதுதான் ருசி என்று வீட்டாரை நம்பவைத்துவிடுவாள். புருஷன் அசன் முகம்மது தம்மாமில் ஒரு கடையில் வேலை பார்க்கிறார். அவர் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வந்து போவதற்குள் மகள் தஸ்மியாவை வளர்த்ததும், வீட்டுக்கு மச்சு எடுத்ததும் எல்லாம் அவள் ஒருத்திதான். கேட்காமலே இத்தனையும் செய்துவிட்டோம் என்கிற மிதப்பு அவளுக்கு உண்டு. அதைக் குற்றம் என்று சொல்லவும் முடியாது.

அந்த வீடு முன்பு ஒரே வீடாக இருந்தது. மாமனார் மவுத்தான பிறகு அண்ணனுக்கும் தம்பிக்கும் பாகம் பிரித்து நடுவில் சுவர் வைத்தார்கள். கொல்லையில் இருந்த கக்கூஸ் ஜமீலாவின் பக்கம் விழுந்தது. சுவரில் ஒரு கதவு விட்டு, தம்பி மைதீன் பிச்சையும் அவன் பெண்டாட்டி ஜன்னத்துல் பிர்தௌஸும் அது வழியாக வந்து போகலாம் என்று பேச்சு. கொஞ்ச நாள் ஒழுங்காகத்தான் போனது. ஒரு நாள் காலையில், தண்ணீர் ஊற்றாமல் போனது யார் என்று இரண்டு ஓரகத்திகளுக்கும் வாய்த்தகராறு வந்தது. ஒரு வாளித் தண்ணீரில் தீர்ந்திருக்க வேண்டிய விஷயம். ஜமீலா கல் இறக்கி, கதவு இருந்த இடத்தை அடைத்துத்தான் ஓய்ந்தாள். மைதீன் பிச்சை ஒன்றும் பேசாமல் தன் பக்கத்தில் புதுக் கக்கூஸ் கட்டிக்கொண்டான். அன்றிலிருந்து இரண்டு பெண்களுக்கும் பேச்சு இல்லை.

பேச்சு இல்லாவிட்டாலும் சத்தம் உண்டு. விடியற்காலம் ஜன்னத்து தொழுகைக்கு ஒளு எடுக்கும் தண்ணீர்ச் சத்தம், பகலெல்லாம் பீடி இலை வெட்டும் கத்தரிச் சத்தம், எல்லாம் சுவர் தாண்டி வரும். அதை வைத்தே அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று ஜமீலா இருந்த இடத்திலிருந்து சொல்லிவிடுவாள்.

இந்த வருஷம் நோன்புக்குப் பிறகு மைதீன் பிச்சை நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தான், எழுந்திருக்கவில்லை. பிள்ளைகளும் இல்லை. ஜன்னத்து இத்தாவில் உட்கார்ந்தாள். புருஷன் போன பெண், நாலு மாதம் பத்து நாள் வாசல் தாண்டாமல், அந்நிய ஆண்கள் பார்வையிலும் பேச்சிலும் படாமல் புருஷன் வீட்டுக்குள்ளேயே இருக்கவேண்டிய காலம் அது. பேட்டையிலிருந்து அவள் தங்கச்சி வாரத்துக்கு ஒரு தடவை வந்து சாமான் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போவாள். மற்றபடி தனிதான். மவுத்து வீட்டில் ஜமீலா உண்மையாகவே அழுதாள். ஆனால் கூட்டத்தோடு உட்கார்ந்து அழுதுவிட்டு வந்தாளே தவிர, ஜன்னத்தின் கையை ஒரு தடவை பிடிக்கவில்லை. அதற்குப் பதிலாகத் தினமும் மத்தியானம் தூக்குச்சட்டியில் சோறும் ஆணமும் வைத்துத் தஸ்மியாவிடம் கொடுத்தனுப்பினாள். கடமையில் குறை வைக்கவில்லை என்பதில் அவளுக்கு நிம்மதி.

இதற்கு நடுவில்தான் தஸ்மியாவுக்குக் கல்யாணம் கூடி வந்தது. மாப்பிள்ளை முதலில் கொஞ்ச நாள் பெண் வீட்டில்தான் தங்குவார். அவர் வந்து கொல்லைக் கக்கூஸில் குந்துவாரா? வீட்டுக்குள்ளேயே வெள்ளை வெளேரென்று உட்காருகிற மாதிரி ஒன்று போட்டு, தெருவில் புதிதாக வந்த பாதாளச் சாக்கடையில் இணைத்தாயிற்று. அதன் மூடியில் ஒட்டிவந்த பிளாஸ்டிக் தாளைக்கூட ஜமீலா உரிக்க விடவில்லை. மாப்பிள்ளை வந்துதான் திறப்பு விழா. தஸ்மியாவும் அவளும் மச்சில் இருந்த சின்னக் கக்கூஸோடு சமாளித்துக்கொண்டார்கள்.

மிச்சம் இருந்தது கொல்லைக் கக்கூஸ். அதில் யாரும் போய் வருஷக்கணக்காயிற்று. பெருச்சாளி வருகிற ஓட்டையை அடைத்து, தரைக்குக் கல் ஒட்டி, துணி துவைக்கிற மிஷினை அங்கே வைக்க ஜமீலா திட்டம் போட்டாள்.

சீவலப்பேரியிலிருந்து பஸ்ஸில் வந்துபோகிற கொத்தனார் மாடக்கண்ணு பீங்கானை உடைத்து எடுத்தார். மூலையில் கழிவு வந்து விழுகிற சேம்பர் குழியின் மூடியைக் கடப்பாரையால் நெம்பித் தூக்கினார். மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்து பார்த்தவர், "என்னக்கா, ரெண்டு வாய்லா இருக்கு?" என்றார். உடைத்த பீங்கானிலிருந்து வருகிற குழாய் ஒன்று. இன்னொன்று சுவர்ப் பக்கத்திலிருந்து வந்தது.

"அது அந்தக் காலத்துல குளிக்கிற தண்ணி போனதா இருக்கும்" என்றாள் ஜமீலா.

"இருக்கும். இப்ப ஒண்ணும் வரலை. ஆனாலும் ஒரு வார்த்தை அங்கன கேட்டுருங்க. ஒரு வாளித் தண்ணில சொட்டு நீலத்தக் கலந்து அவங்க கக்கூஸ்ல ஊத்தச் சொல்லுங்க. இங்கன நீலம் வரலைன்னா கண்ண மூடிக்கிட்டு அடைச்சிரலாம். எந்த வேலைலயும் நான் அப்படிப் பாக்காம அடைக்கிறதில்ல."

அவர் அந்த வீட்டுக்குள் போக முடியாது, இத்தா வீடு. ஜமீலாதான் போகவேண்டும். போய் என்னவென்று கேட்பது? இத்தனை வருஷம் பேசாதவளிடம் முதல் பேச்சே உன் கக்கூஸ் எங்கே போகிறது என்பதா? அதுவும் கக்கூஸுக்காகச் சண்டை போட்டு, கதவை அடைத்த வாய் இது. அந்தப் பக்கம் புதிதாகக் கட்டியபோது மைதீன் பிச்சை குழி தோண்டியதை அவளே மாடியிலிருந்து பார்த்திருக்கிறாள். தனித் தொட்டி இல்லாமலா இருக்கும்?

ஜமீலா முன்வாசல் வரை போனாள். செருப்பை மாட்டினாள். தெருவில் ஒரு காற்று அடித்தது, நின்றாள், திரும்பி வந்தாள்.

"கேட்டாச்சு கொத்தனாரே. அவங்களுக்குத் தனித் தொட்டியாம். ஊத்தியும் பாத்தாச்சு."

"இங்கன ஒண்ணும் வரலையே. அப்பச் சரி" என்றார் மாடக்கண்ணு. அவருக்கும் நாலு மணி பஸ் மனசில் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு வாயிலும் சாக்கைத் திணித்து, செங்கல் துண்டு போட்டு, ஜல்லிக் கலவையை ஊற்றி நிரவிவிட்டார். மறுநாள் அதன் மேல் பளபளவென்று கல் ஒட்டினார். அங்கே ஒரு குழி இருந்தது என்று யாரும் சொல்லமுடியாது.

அந்தப் பொய் சின்னதுதான். ஆனால் பல்லிடுக்கில் மாட்டின நார் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது. அன்று அந்தியில் மஃரிப் தொழுகையில் எத்தனை ரக்அத் ஆனது என்று ஜமீலாவுக்குத் தடுமாறிப்போயிற்று. நாளைக்கு ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று நினைத்தாள். மறுநாள், கல் ஒட்டியான பிறகு கேட்டு என்ன ஆகப்போகிறது என்று நினைத்தாள். அதற்கு மறுநாள் நினைக்கவே இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பிறகு தூக்குச்சட்டியில் சோறு மிஞ்சி வர ஆரம்பித்தது.

முதலில் கால்வாசி திரும்பியது. அப்புறம் பாதி. ஆணத்தைத் தொடுவதே இல்லை. ஜமீலாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "என் கைச் சோறு எறங்கலையாக்கும் மகாராணிக்கு" என்று தஸ்மியாவிடம் வெடித்தாள். தஸ்மியா, "சாச்சிக்கு மேலுக்கு முடியல போல உம்மா, குரலே எழும்பலை" என்றாள். "புருஷன் போனவளுக்குக் குரல் எங்க எழும்பும்?" என்று அதையும் ஜமீலா மூடிவைத்தாள். கோபம் இருக்கும்வரை உறுத்தல் தெரியாது. அதனால் அவள் கோபத்தை விடாமல் பிடித்துக்கொண்டாள் என்றுதான் சொல்லவேண்டும்.

ஆனால் காது சும்மா இருக்கவில்லை. விடியற்காலம் அந்தப் பக்கத்துத் தண்ணீர்ச் சத்தம் குறைந்துவிட்டது. ஒளு எடுக்கிற சத்தம் கேட்கும், அதோடு சரி. ஒரு வாளி கவிழ்க்கிற சத்தம் இல்லை. பீடிக் கத்தரியும் நின்றுபோயிருந்தது. அதற்குப் பதிலாக இருட்டுப் பிரியும் நேரத்தில் மண்ணைக் கொத்துகிற மாதிரி என்னவோ ஒரு சத்தம். இந்த நேரத்தில் செடி வைக்கிறாளா என்று ஜமீலா புரண்டு படுத்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் தம்மாமிலிருந்து வீடியோவில் அசன் முகம்மது வந்தார். தஸ்மியா போனைக் கையில் பிடித்து வீட்டைச் சுற்றிக் காட்டினாள். புதுக் கக்கூஸுக்கு மாஷா அல்லாஹ் சொன்னார். கொல்லைக்கு வந்து துவைக்கிற மிஷினைக் காட்டியதும் மனுஷர் முகம் மாறியது.

"அங்கன இருந்த சேம்பர் எங்க?"

"அடைச்சாச்சு. செத்த லைனுதானே" என்றாள் ஜமீலா.

"யாரக் கேட்டு அடைச்சே?"

ஜமீலா முந்தானையால் மிஷின் மூடியைத் துடைத்தாள்.

"தம்பி வீட்டு லைன் அதுலதான் விழுது ஜமீலா. அவன் குழி தோண்டுனான், பாறை தட்டிட்டு. பழைய தொட்டிலயே சேத்துக்கிடுன்னு நான்தான் சொன்னேன். நான் லீவுல வந்திருந்தப்ப, நீ தூங்குனப்புறம் ராவோட ராவா சுவத்துக்கு அடியில குழாயைப் போட்டோம். உன்கிட்ட சொன்னா நீ விடமாட்டேன்னுதான் சொல்லலை." அவர் குரல் இறங்கியது. "என்னைக்கு அடைச்சே?"

அவள் சொன்னாள். இரண்டு வாரம் ஆகப்போகிறது. அவர் தலையில் கை வைத்துக்கொண்டது போனில் நன்றாகத் தெரிந்தது.

நீ விடமாட்டே. கட்டின புருஷன், கூடப்பிறந்த தம்பிக்கு ஒரு குழாய் கொடுக்க, பெண்டாட்டிக்குப் பயந்து இருட்டில் மண்ணை வெட்டியிருக்கிறார். அதைக் கேட்டுக்கூட அவளுக்குக் கோபம் வரவில்லை. திரும்பி வந்த சோறும், நின்றுபோன தண்ணீர்ச் சத்தமும், மண் கொத்துகிற சத்தமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. துப்பட்டியைப் போர்த்தினாளா இல்லையா என்று தெரியாமல் தெருவில் இறங்கி, பக்கத்து வாசலில் ஏறினாள்.

வீடு சுத்தமாக இருந்தது. ஊதுபத்தி வாசனை மூச்சை அடைத்தது. அந்த வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனையும் இருந்தது. கக்கூஸ் கதவுக்குக் கீழே பழைய சேலையைச் சுருட்டி அடைத்திருந்தது. கொல்லைக் கதவு திறந்திருந்தது. முருங்கை மூட்டில் மண் வரிசையாகக் கிளறி மூடப்பட்டிருந்தது, மேலே சாம்பல் தூவியிருந்தது. சாத்திவைத்த களைக்கொத்தியையும் பக்கத்தில் கவிழ்த்திருந்த வாளியையும் ஜமீலா பார்த்தாள். செடி வைக்கவில்லை.

ஜன்னத்து உள்ளறையில் பாயில் சுருண்டு கிடந்தாள். வெள்ளைச் சேலைக்குள் ஆள் பாதியாகியிருந்தாள். ஜமீலா நெற்றியில் கை வைத்தாள். சுட்டது.

"வாங்க லாத்தா" என்றாள் ஜன்னத்து. எத்தனையோ வருஷம் கழித்து வருகிற மூத்தவளை, நேற்று வந்து போனவளைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டாள்.

ஜமீலா பானையிலிருந்து ஒரு செம்புத் தண்ணீர் மொண்டு அவள் தலையைத் தூக்கிப் பிடித்தாள். உதடு வெடித்துக் கிடந்தது. ஜன்னத்து இரண்டு வாய் நனைத்துவிட்டுச் செம்பைப் பைய விலக்கினாள்.

"போதும் லாத்தா. குடிச்சா போகணும்லா."

ஜமீலாவுக்கு அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டால் தேவலை என்று இருந்தது. இரண்டு வாரமாக ஒருத்தி சாப்பாட்டையும் தண்ணீரையும் எண்ணி எண்ணி விழுங்கியிருக்கிறாள். நாம் அந்தத் தூக்குச்சட்டியைப் பார்த்து மகாராணி என்று சொல்லியிருக்கிறோம்.

"உன் தங்கச்சிகிட்டயாவது சொல்லக்கூடாதாம்மா?"

"சொன்னா அவ வீட்டுக்காரர் உங்க வாசல்ல வந்து சண்டைக்கு நிப்பார். தஸ்மியாகிட்டச் சொன்னா உங்க ரெண்டு பேருக்கும் சண்டையாகும். கல்யாண வீடு. இத்தா முடியட்டும், பேட்டைக்கே போயிருவோம்னு இருந்தேன்."

"எனக்குத் தெரியாது ஜன்னத்து. உன் குழாய் அதுல வருதுன்னு அல்லா சத்தியமா எனக்குத் தெரியாது."

"சரி லாத்தா" என்றாள் ஜன்னத்து. அவ்வளவுதான் சொன்னாள்.

சொன்னது சத்தியம்தான். ஆனால் பாதிச் சத்தியம். தெரிந்துகொள்ளச் சொன்னார்கள், போகவில்லை என்கிற மறுபாதியை அவள் சொல்லவில்லை. ஜமீலா எழுந்து வெளியே ஓடினாள்.

ஆஸ்பத்திரி நர்ஸ் ஜெசி அடுத்த தெருவில்தான் இருந்தாள். அவளை அழைத்து வரத் தஸ்மியாவை அனுப்பினாள். மாடக்கண்ணுக்குப் போன் போட்டாள். அவர் விஷயத்தைக் கேட்டதும், "ஐயையோ, ஊத்திப் பாத்தாச்சுன்னு சொன்னீங்களேக்கா" என்றார். "சொன்னேன். பொய் சொன்னேன். காலைல முதல் பஸ்ல வந்து உடைச்சு விடுங்க" என்றாள். ஒரு ஆளிடம் சொல்லியாயிற்று. ஆனால் சொல்லவேண்டிய ஆள் அவர் இல்லை.

காலை வரைக்கும் என்ன செய்வது? தெருவழியாக ஜன்னத்து வரமாட்டாள். உயிர் போகிற காரியம் என்றால் போகலாம் என்று யாரும் சொல்வார்கள். அவள் கேட்கிற ஆள் இல்லை. ஜமீலா கொல்லையில் நின்று சுவரைப் பார்த்தாள். கதவு இருந்த இடம் கொஞ்சம் புடைத்துக்கொண்டு தெரிந்தது. கொத்தனார் விட்டுப்போன கடப்பாரை மிஷினுக்குப் பின்னால் சாய்ந்திருந்தது.

அதை எடுத்து முதல் அடி போட்டபோது கை எகிறியது. பூச்சுத்தான் உதிர்ந்தது. எத்தனை கெட்டியாக அடைக்கச் சொன்னோம் என்று அவளுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. ரெட்டைக் கலவை போடச் சொல்லி நின்று வேலை வாங்கியவள் அவளேதான். வியர்வையும் கண்ணீரும் சேர்ந்து வழிய, தலைமுடியெல்லாம் சிமெண்டுத் தூசியாக, குத்தினாள், நெம்பினாள், கையால் பிடித்து இழுத்தாள். ஒரு கல் வந்தது. பிறகு அடுத்தது. ஜெசியை உள்ளே விட்டுவிட்டு வந்த தஸ்மியா ஒரு வார்த்தை கேட்காமல் அந்தப் பக்கத்திலிருந்து கற்களை எடுத்து அடுக்கினாள். சாயங்காலம் அசர் பாங்கு சொல்வதற்குள் ஆள் குனிந்து வருகிற அளவுக்கு வழி ஆகிவிட்டது.

உள்ளே ஜெசி ஊசி போட்டு, மாத்திரை கொடுத்துவிட்டுக் கோபமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "அடக்கி அடக்கி வச்சுத்தான் இவ்வளவு காய்ச்சல். நல்லாத் தண்ணி குடிக்கணும், போகணும். காய்ச்சல் எறங்கலைன்னா காலைல ஆஸ்பத்திரிதான். இத்தாலாம் பாக்க முடியாது."

ஜமீலா ஜன்னத்தைத் தோளில் தாங்கிக் கொல்லைக்குக் கூட்டிவந்தாள். உடைத்த சுவரைப் பார்த்ததும் ஜன்னத்து நின்றுவிட்டாள்.

"வெளிய போகக்கூடாது லாத்தா."

"இது வெளியே இல்லைம்மா. நம்ம மாமனார் வீடு. நீ வாக்கப்பட்டு வந்த வீடு. வெளியன்னு ஆக்குனது நான்தான்."

ஜன்னத்து குனிந்து இந்தப் பக்கம் வந்தாள். புதுக் கக்கூஸின் மூடியிலிருந்த பிளாஸ்டிக் தாளை ஜமீலாவே சரக்கென்று உரித்தாள். கதவைச் சாத்திவிட்டு வெளியே சுவரோரமாக உட்கார்ந்தாள். உள்ளே நேரம் ஆனது. பிறகு தண்ணீர்ச் சத்தம் கேட்டது. அவள் வாழ்க்கையில் அந்தச் சத்தத்துக்காக இப்படி ஏங்கியதில்லை.

ஜன்னத்து வெளியே வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜமீலா ஒரு செம்புத் தண்ணீரை நீட்டினாள். இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்லப்போவதில்லை என்று தெரிந்தது.

"ஜன்னத்து, நான் தெரியாமச் செஞ்சேன்னு சொன்னேன்லா. கொத்தனார் அன்னைக்கே சொன்னார். அங்கன போய்க் கேளுங்க, நீலம் ஊத்திப் பாக்கச் சொல்லுங்கன்னு. நான் உன் வாசலுக்கு வரலை. கேட்டாச்சுன்னு பொய் சொல்லிட்டேன்."

ஜன்னத்து செம்பை வாங்கினாள். உடனே குடிக்கவில்லை.

"தெரியும் லாத்தா" என்றாள். "நீங்க பேசுனது அம்புட்டும் சுவத்துக்கு அந்தப் பக்கம் கேட்டுது. அந்நிய ஆள் நிக்கிற இடத்துல நான் குரல் குடுக்க முடியாது. ஆனா நீங்க கேக்க வருவீங்கன்னு, ஒரு வாளித் தண்ணி மொண்டு வச்சுக்கிட்டு வாசக் கதவுகிட்ட வந்து நின்னுட்டிருந்தேன்."

ஜமீலாவுக்கு அன்று வாசல் வரை போய்க் கேட்காமல் திரும்பிய தன் செருப்புச் சத்தம் காதுக்குள் கேட்டது. அதையும் இவள் கேட்டிருப்பாள்.

ஜன்னத்து செம்பை அண்ணாந்து, நிறுத்தாமல், கழுத்து நனைய, கடைசிச் சொட்டு வரை குடித்தாள். பிறகு காலிச் செம்பை நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் தாங்க லாத்தா."